சுந்தரி பட்டினி போட்ட நத்தைகள்

சண்முகசுந்தரி என்ன படிக்கிறாள் என்று தென்காசியில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. "மதராஸ்ல மாவு புளிக்கிற படிப்பு படிக்கா" என்பாள் அம்மா பிச்சம்மாள். பாதி சரிதான். மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் குரோமோசோமில் எந்த ஜீனுக்குப் பக்கத்தில் எந்த ஜீன் இருக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அது மைக்ராஸ்கோப்பிலும் பிடிபடாது. ஆனால் பட்டினி போட்டால் ஈஸ்ட் ஒரு சின்னப் பைக்குள் நான்கு வித்துகளை வைக்கும். அவற்றைப் பிரித்து வளர்த்து, எந்தக் குணத்தோடு எந்தக் குணம் சேர்ந்தே வருகிறது என்று எண்ணினால் பக்கத்து ஜீன்கள் அகப்படும். பையின் தோலைக் கரைக்க நத்தையின் குடல்சாறு வேண்டும். 1964 ஜூனில், சீமையிலிருந்து வரவழைத்த சாறு தீர்ந்துபோனது. அடுத்த புட்டி வர ஆறு மாதம். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்கு இருந்த அவகாசமோ செப்டம்பர் வரைதான்.

சாரல் நேரத்தில் குற்றாலத்தில் நத்தைக்கா பஞ்சம்? ஊருக்கு வந்து, அண்ணன் வல்லிநாயகத்தோடு ஐந்தருவிப் பாதையில் நாற்பது நத்தை பொறுக்கினாள்.

"கறிக்கா அண்ணாச்சி?" என்றார் குளிக்க வந்த ஒருவர்.

"காலேஜுக்கு" என்றான் வல்லிநாயகம், நெஞ்சை நிமிர்த்தி.

குடலில் இலை இல்லாமல் இருந்தால்தான் சாறு தெளியும். பத்து நாள் பட்டினி. ஒன்பதாம் நாள் ஓலைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே முருங்கைக்கீரை.

"யம்மா! என்ன காரியம் பண்ணிட்டே!"

"நான் விரதம் இருக்கது பண்பொழி முருகனுக்கு. இதுக யாருக்குட்டி இருக்கு? தெரிஞ்சு இருந்தாத்தான் விரதம். அடைச்சுப் போட்டா அது பட்டினி."

சுந்தரிக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் ரயில். பட்டினி நாள் கணக்கோ மறுபடி ஒன்றிலிருந்து.

பிச்சம்மாள் மகளையே பார்த்தாள். "சாறு எடுத்தா சாகுமோ?"

"சாகும்மா."

"அப்போ ஒண்ணுகூட வீணாப் போகக்கூடாது. நீ கிளம்பு, நான் பாத்துக்கிடுதேன்."

பத்து நாளும் தினம் காலையில் வல்லிநாயகம் எச்சம் போகப் பெட்டியைத் துடைத்தான். பகல் முழுக்கப் பிச்சம்மாள் காவல். பதினோராம் நாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் மதராஸுக்கு ரயிலேறினான்.

"பெட்டிக்குள்ள என்ன?" என்றார் டிக்கெட் பரிசோதகர்.

"தங்கச்சியோட குரோமோசோம் சார்."

நம்மூர் நத்தைச் சாறு அந்தத் தோலைக் கரைக்குமா என்று யாருக்கும் தெரியாது. சுந்தரி சாறெடுத்து ஈஸ்ட் பைகளின் மேல் சொட்டுவிட்டாள். அரைமணி நேரத்தில் பைகள் தளர்ந்தன. கண்ணாடி ஊசியால் வித்துகளைப் பிரித்து, ஒரு பைக்கு ஒரு வரிசையாகத் தட்டில் நான்கு நான்காக வைத்தாள். ஐந்தாம் நாள் வித்துகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தன; ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. நிறத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு சத்து மட்டும் இல்லாத தட்டுக்கு மாற்றியபோது வெள்ளைகள் வளர்ந்தன, சிவப்புகள் வளரவில்லை. நாற்பது பையில் முப்பத்தாறில் அப்படியே. சிவப்புக்கான ஜீனும் அந்தச் சத்துக்கான ஜீனும் ஒரே குரோமோசோமில், பக்கத்துப் பக்கத்தில்!

மூன்று தடவை எண்ணிவிட்டு வீட்டுக்குக் கார்டு எழுதினாள்: "கரைந்தது. இரண்டும் அடுத்தடுத்த வீடு."

பிச்சம்மாள் கார்டைத் தெரு முழுக்கக் காட்டினாள்.

"யார் வீடு ஆச்சி?"

"ஈஸ்ட்டுக்குள்ள இருக்க வீடு. எம்மவ எண்ணியே கண்டுபிடிச்சிருக்கா!"