கழுத்தளவுத் தண்ணீர்

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கிற பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும். தண்ணீர் ஆழம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆழமெல்லாம் இல்லை, நின்றால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். ஆனால் அடியில் சேறு. நின்று நடந்தால் கால் புதையும். அதனால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, ஓலையில் பின்னிய பறிக்குள் போடுவோம். இரண்டு கையும் வேலையில் இருக்கும், ஆகவே பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். எங்கள் குப்பத்துப் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டையில் கொடி பறந்த காலம் அது. கோட்டையில் பீரங்கி இருந்தது. இருந்து என்ன, கடலில் தெரியாத கப்பல் ஒன்று நின்றால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குடிசைக்குள் ஓடுவோம். கொள்ளைக்காரன் எங்கள் சட்டிபானைக்காக வருவதில்லை, ஆளுக்காக வருவான். பிடித்துக்கொண்டு போய்க் கடல் தாண்டி விற்றுவிடுவான். போனவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை. என் கணவரின் அண்ணன் மனைவிக்கு ஒரே தம்பி. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் அப்படித்தான் போனான்.

அந்த ஓரகத்திக்கும் எனக்கும் அப்போது பேச்சு இல்லை. நான் காயவைத்த கருவாட்டை அவள் கோழி கொத்திவிட்டது. நான் கோழியை ஏசினேன். தன்னை ஏசியதாக அவள் எடுத்துக்கொண்டாள். அவளைத்தான் ஏசினேன், அது வேறு விஷயம்.

தை மாதத்து விடியற்காலை. ஏரி மேல் பனி மூட்டம். நான் பிள்ளைத்தாய்ச்சி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிடத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதே எனக்குச் சுகமாக இருந்தது. ஓரகத்தி என்னைப் பார்க்காதவள் போல, ஆனால் என் பக்கத்திலேயே இறால் துழாவிக்கொண்டிருந்தாள்.

பனி விலகியபோது முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய படகு வந்துகொண்டிருந்தது. அதில் துப்பாக்கியும் கத்தியுமாக ஆண்கள். எந்த நாட்டுக்காரர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதற்கு வருகிறார்கள் என்பது மட்டும் பார்த்த உடனே தெரிந்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஒரு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. ஓரகத்தியின் கை.

அவள் கல்லாகச் சமைந்திருந்தாள். அவள் அசையாததைப் பார்த்து மற்றப் பெண்களும் அசையவில்லை. பல்லில் கயிறு, ஒருத்தியும் கத்தவில்லை. படகிலிருந்தவர்கள் எங்கள் தலைகளைப் பார்த்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். படகை எங்கள் பக்கம் திருப்பி வேகமாகத் துடுப்புப் போட்டார்கள். முன்னால் நின்றவன் சிரித்ததுகூட எனக்குத் தெரிந்தது. என் பிள்ளை எந்த ஊரில் பிறக்கப்போகிறதோ என்று நினைத்தேன். அந்தக் கை விடவில்லை.

படகு தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தது. நின்றவன் குப்புற விழுந்தான்.

அப்போதுதான் நாங்கள் எழுந்தோம். ஒருத்தி, அடுத்தவள், எல்லோரும். தண்ணீர் எங்கள் முழங்காலில் நின்றது. விழுந்தவன் தலையைத் தூக்கி எங்கள் கால்களைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாங்கள் எழுந்து நின்றதைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. குதித்துத் துரத்த வந்தவர்கள் தொடை வரைக்கும் புதைந்தார்கள். நாங்கள் மறுபடி உட்கார்ந்து, எங்கள் வழக்கப்படி சேற்றில் வழுக்கிக்கொண்டு கரை சேர்ந்தோம். பிறகு கோட்டைச் சிப்பாய்கள் தோணிகளில் போய் அவர்களைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

அன்று முழுக்க ஓரகத்தி பேச்சுத்தான். “இன்னா நெஞ்சழுத்தம், எப்பிடித் திட்டம் போட்டுக் குந்திகினு இருந்துகிறா பாரு” என்று குப்பமே சொன்னது. எனக்கும் அவளை ஏறிட்டுப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது.

சாயங்காலம் என் வாசலுக்கு வந்தாள்.

“திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. தம்பி ஞாபகம் வந்துடுச்சு. காலு வரல. பயத்துல உன் கையப் புடிச்சிகினேன்” என்றாள்.

“நீ என்னைக் காப்பாத்துறேனு நெனச்சேன்க்கா.”

“நீ என்னைக் காப்பாத்துவேனு நான் நெனச்சேன்.”

அவள் மேல் இருந்த பிரமிப்பு அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் விடிந்தபோது எங்களில் முதலில் ஏரியில் இறங்கியவள் அவள்தான். காலி படகு இன்னும் அங்கே சாய்ந்து கிடந்தது. அதன் பக்கம் போக யாருக்கும் மனசில்லை. அவள் போனாள். போனவள் உட்காராமல் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள்.

பின்னாலேயே போய், “இன்னாக்கா, காலு வருதா?” என்று கேட்டேன்.

“வரல. நீ பக்கத்துல குந்து.”

உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் அவள் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அன்று இரண்டு பேரும் ஒற்றைக் கையால்தான் இறால் பிடித்தோம்.