தண்ணீருக்காகக் கட்டிய பிராது

எங்கள் காலனித் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருப்பதை வாரத்துக்கு ஒருமுறை கரண்டியால் சுரண்டி எடுப்போம். குடத்தில் படிகிறது வயிற்றிலும் படியும் என்று யோசிக்கிற அளவுக்கு எங்களில் யாருக்கும் படிப்பில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். கட்டட வேலைக்குப் போகிறவன். சாமி கும்பிடாமல் பச்சைத்தண்ணீர் பல்லில் படாது என்பார்களே, அந்த மாதிரி ஆள். கிருத்திகை தவறாமல் மயிலம் முருகனைப் பார்த்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவன் சாமியில்லாதவன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். ஊர் வேறு, காலனி வேறு. ஊருக்கு ஏரிக்கரையில் போட்ட போரிலிருந்து இனிப்பான தண்ணீர். எங்களுக்குச் சுடுகாட்டுப் பக்கம் இருக்கிற பழைய போரின் உப்புத்தண்ணீர். சில வருடங்களுக்கு முன்னால் ஏரிக்கரைத் தண்ணீரைக் காலனிக்கும் கொண்டுவர அரசாங்கம் பைப் லைன் ஒதுக்கியது. பள்ளம் தோண்டியது நாங்கள்தான். மண்வெட்டியோடு நானும் போனேன். காலனி முனை வரைக்கும் தோண்டினோம். மறுநாள் போனால் பள்ளம் இடது பக்கம் திரும்பியிருந்தது. எங்கே போகிறது என்று கேட்டோம்.

"அங்கதான்டா வால்வு வக்கிறாங்க. அங்கேர்ந்து உங்களுக்குத் திரும்பி வரும். சும்மா பேஜாரு பண்ணாம தோண்டுங்க" என்றார் அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர்.

இடது பக்கம் இருந்தது அவர் வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை. தண்ணீர் அங்கே போனது. திரும்பி வரவில்லை.

அப்புறம் கிராம சபைக் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாங்கள் வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே என்ன படித்தார்கள் என்று எங்கள் காதில் விழவில்லை. கடைசியில் நோட்டு வெளியே வந்தது. கூடவே மிக்சர் பொட்டலமும் டீயும் வந்தது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பேரை முழுசாக எழுதி, கீழே வளைத்து ஒரு கோடும் இழுத்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த பெருமையில், படிக்கத் தெரியும் என்பதையே மறந்துவிட்டேன்.

என் மனைவி நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். வேலைக்குப் போகிற பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. வரப்புக்கு அந்தப்பக்கம் ஆண்கள் இருப்பார்கள். வீட்டுக்கு வந்து குடிக்கலாம் என்றால் வாயில் வைக்க முடியாத உப்பு. இடுப்பு வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடும். காலனியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். கால் வீங்கியபோதும், "நடவுக்காலு, தண்ணியில ஊறிச்சி" என்று சிரித்தாள். முகம் வீங்கியபோது சிரிக்கவில்லை.

விழுப்புரம் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர். பொறுமையாகப் பேசினார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிடுச்சுங்க. கல்லு இருந்திருக்கு, யாரும் பாக்கல. எந்தத் தண்ணி குடிப்பீங்க?"

"போர்த்தண்ணிங்கம்மா. உப்பு."

"கேன் தண்ணி வாங்கக் கூடாதா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "கேன் தண்ணியா? அத்த ஊர்ல பெரிய வூட்டுக்காரங்க கைகழுவுறாங்க டாக்டரம்மா. நாங்க கல்யாணத்துல பாப்போம்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்காதது, உப்பு, வலி மாத்திரை என்று மூன்று காரணம் சொன்னார். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். டாக்டருக்கு முடியாது. எனக்கு முடிந்தது. மூன்றுக்கும் ஒரே ஆளைத்தான் காரணமாக வைத்தேன். அவள் தாகத்தோடு குனிந்து களையெடுத்ததும் அந்த ஆளுடைய கொல்லையில்தான். எங்கள் தண்ணீர் பாய்ந்த அதே கொல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் ஆரம்பமானது. நான் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். பதில் தபாலில் வந்தது. உங்கள் காலனிக்கு ஏற்கனவே குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டுவிட்டது, பணி முடிந்ததாகக் கிராம சபையில் மக்கள் கையெழுத்திட்டுள்ளனர் என்று எழுதி, அந்த நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸையும் வைத்திருந்தார்கள். நான்காவது வரிசையில் என் பேர். கீழே வளைத்து இழுத்த கோடு.

அன்றைக்குத்தான் எனக்குப் பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அரிவாள் எடுக்கிற ஆள் நானில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு வழி இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்தில் ஒரு முருகன் கோயிலில் பிராது கட்டுவார்கள். கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே, யார், எந்த ஊர், என்ன அநியாயம் செய்தான் என்று காகிதத்தில் எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சந்நிதியில் இருக்கும் சூலத்தில் நூலால் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். காரியம் முடிந்ததும் நாமே போய் வாபஸ் வாங்க வேண்டும்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "உன் சாமி அந்த லெட்டர எடுத்துப் படிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்யா. உனக்கு முன்னாடி எவ்ளோ பேரு கட்டிட்டுக் காத்துக்கினு இருக்கான்" என்றாள்.

போனேன். எழுதினேன். தலைவரின் பேர், அவர் அப்பா பேர், தெரு எல்லாம் எழுதினேன். பக்கத்தில் இருந்த பூசாரி, "பொய் எழுதாதப்பா. எழுதினா உன் மேலயே திரும்பும்" என்றார். பேனா நின்றது. அப்புறம், நோட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நானும்தான் என்று ஒரு வரி சேர்த்தேன். எனக்குத் தண்டனை வந்தாலும் வரட்டும், அந்த ஆளுக்கு முதலில் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு கட்டினேன்.

பிராது கட்டியதை எதிராளி தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதில் பாதிதான் பலம். மறுவாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது ஊர்க்காரர்கள் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னேன். சிரித்தார்கள். "தலைவருக்கு இன்னா ஆவப்போவுது, அவரு ஏசியில இருக்காரு" என்றான் ஒருத்தன்.

இரண்டாவது மாதக் கடைசியில் தலைவர் பாத்ரூமில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. வீட்டு வாசலில் கார் நின்றது. ஒரு மணி நேரத்துக்குள் பாண்டிச்சேரியில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. என் மனைவியை முதல்முறை கூட்டிப்போனபோது ஷேர் ஆட்டோவுக்கு ரோட்டில் நின்ற நேரம் அதைவிட அதிகம். செய்தி கேட்டதும் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வாய் மட்டும் கோணிவிட்டது. ஆனால் வீட்டில் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவர் மனைவியும் மகனும் எங்கள் காலனிக்கு வந்தார்கள். ஓட்டுக் கேட்பதற்குத் தவிர அந்தக் குடும்பத்தின் கால் எங்கள் தெருவில் பட்டதில்லை. மகன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். சின்னப் பிள்ளையிலிருந்து என்னை 'டா' போட்டே கூப்பிட்டவன்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

ஒரு காகிதமும் ஒரு முழ நூலும் போதுமாக இருந்திருக்கிறது, என்னை அண்ணன் ஆக்க.

அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "அந்தப் பிராத எடுத்துடுப்பா. அவரு தூங்க மாட்டேங்கறாரு. கண்ண மூடினா சூலம் தெரியுதுன்றாரு."

"தண்ணி குடிங்கம்மா" என்றேன். எங்கள் குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டு நீட்டினேன். வாங்கினார். மறுத்தால் நான் என்ன செய்வேனோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. ஒரு மடக்கு விழுங்கினார். முகம் சுருங்கியது.

"இன்னும் குடிங்கம்மா. என் சம்சாரம் கல்யாணம் ஆனதுலேர்ந்து இத்தத்தான் குடிச்சிக்கினு இருக்கா."

உள்ளே படுத்திருந்தவள் சத்தம் போட்டாள். "யோவ், வூட்டுக்கு வந்தவங்கள இன்னா பண்ற? வுடு!"

அந்த அம்மா அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

"லைன் வரட்டும்மா. வந்தா நான் போய் வாபஸ் வாங்கறேன்" என்றேன்.

நான்கே நாளில், அவர்கள் வீட்டுச் செலவிலேயே வந்தது. அத்தனை வருடம் காத்திருந்தும், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தும் வராத பைப், மல்லாட்டைக் கொல்லையிலிருந்து பிரிந்து, காலனி முனை வழியாகத் தெருவுக்குத் தெரு வந்தது. குழாய் திறந்த காலையில் காலனியே திரண்டது. கிழவர்கள் கையில் ஏந்திக் குடித்தார்கள். குழந்தைகள் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்கள். "கல்கண்டு மாரி கீது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அன்றைக்கு வைத்த குழம்பில் பருப்பு கரைந்தே போனது.

நான் ஒரு டம்ளர் பிடித்து மனைவிக்குக் கொண்டுபோனேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவு பாட்டில் இருந்தது. டயாலிசிஸ் ஆட்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் நுரையீரலில் ஏறிவிடும். காபி, குழம்பு, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அந்த ஒரு பாட்டில்தான். அன்றைய அளவில் பாதிக்கு மேல் ஏற்கனவே முடிந்திருந்தது. அவள் டம்ளரில் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டாள்.

"நல்லாதான்யா கீது" என்றாள். மீதியை என்னைக் குடிக்கச் சொன்னாள். என்னால் குடிக்க முடியவில்லை. வாசலில் ஊற்றினேன்.

தலைவர் மகன் தினமும் போன் செய்தான். "அண்ணே, எப்ப போறீங்க? கார் அனுப்பட்டுமா?" கிருத்திகை வரட்டும் என்றேன். மனைவியும் விடவில்லை. "குடுத்த வார்த்தைய காப்பாத்துய்யா. என் பேரச் சொல்லிக்கினு நீ கோவத்த வளத்துக்கினு இருக்காத" என்றாள்.

கிருத்திகையன்று போனேன். பஸ்ஸில்தான் போனேன், கார் வேண்டாம் என்றுவிட்டேன். முனியப்பர் சந்நிதியில் சூலம் தெரியாத அளவுக்குக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் யாரோ ஒருவரின் வயிற்றெரிச்சல். வாபஸ் வாங்குகிற வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அப்புறம் இரண்டு பேர். நான் விலகி முருகன் சந்நிதிக்குப் போனேன்.

தண்ணி வந்துவிட்டது முருகா, உன் பாதிக் காரியம் ஆச்சு என்று சொன்னேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கலாம் என்று டாக்டர் என்றைக்குச் சொல்கிறாரோ, அன்றைக்கு வந்து வாபஸ் வாங்குகிறேன். அப்படி ஒரு நாள் வராது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்குத் தவறியதற்கு என்னை என்ன செய்தாலும் சரி என்று விழுந்து கும்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் போன் அடித்தது.

"அண்ணே, வாங்கிட்டீங்களா? அப்பா பக்கத்துலதான் கீறாரு, சொல்லிடுங்க."

"ஸ்பீக்கர்ல போடு தம்பி" என்றேன். போட்டான். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"வாங்கல தலைவரே. அங்கியேதான் கீது."