முப்பத்துமூன்று எட்டுகள்

முப்பத்துமூன்று பேரை ஏமாற்றும் வழியை ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதி வழியில் தைரியம் போய்விடும்.

மூன்று வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. காய்ச்சல் என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் அக்கறையோடு விசாரித்தீர்கள். ஒரு வாசகி பப்பாசி இலைச் சாறு குடிக்கச் சொல்லி எழுதியிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காய்ச்சல் இல்லை. பயம்.

எதற்குப் பயம்? ஒரு சாண் உயரப் பொம்மைக்கு!

பருத்தித்துறையில் ராகுலன் என்றொருவன் இருக்கிறான். என்னிடம் உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவன். இப்போது நாற்பது வயது. மீன்பிடிக்கிற ஃபைபர் படகுகள் செய்வதும் திருத்துவதும் அவன் தொழில். அச்சும், ஊற்றினால் கல்லாக இறுகுகிற ரெசினும் அவனுக்குக் கைவந்தவை. ஒரு நாள் அதே ரெசினில் ஒரு பொம்மை வார்த்தான். பாய்க்கப்பல் காலத்துத் தண்டையல் – அதாவது கப்பலின் தலைவன். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் அசையும். கண்ணையும் மீசையையும் அவன் மனைவி வதனி மெல்லிய தூரிகையால் வரைந்தாள். அந்தக் கண்களைப் பார்த்தால் புயல் வருவது தெரிந்துவிட்டவன் போலிருக்கும்.

செய்யச் செய்ய விற்கலாம் என்று நினைத்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா விலை போட்டு மருதனார்மடத்தில் ஒரு கடையில் வைத்தான். வந்தவர்கள் கையை ஆட்டிப் பார்த்தார்கள், காலை மடக்கிப் பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். நாலு மாதத்தில் ஒன்பது விற்றன.

"சேர், சனத்துக்கு உது பிடிக்கேல்லைப் போல" என்றான்.

பிடிக்காமல் இல்லை. எப்போதும் கிடைக்கும் என்ற பொருளை யார் இன்றைக்கே வாங்குவார்கள்? விலையும் குறைவு, எண்ணிக்கைக்கும் கணக்கில்லை என்றால் அது விளையாட்டுச் சாமான். குழந்தை உடைத்தாலும் பரவாயில்லை என்ற சாமான். நான் அவனுக்குச் சொன்னேன் – கடையில் இருப்பதைத் திருப்பி எடு. உருவத்தில் சின்ன மாற்றம் செய். முந்நூறு மட்டும் வார். ஒவ்வொன்றின் இடது பாதத்திலும் எண் செதுக்கு. வார்த்து முடிந்ததும் மூல உருவத்தைச் சுத்தியலால் உடைத்து வீடியோ போடு. விலை பதினெட்டாயிரம்.

"விசரே சேர்?" என்றான். பைத்தியமா என்பதைக்கூட மரியாதையோடு கேட்கிறவன்.

பதினொரு நாள். கனடா, லண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கள் சனம் இருக்கிற இடமெல்லாமிருந்து பதிவு வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கையால் தட்டிவிட்ட அதே பொம்மை! நானும் இந்தப் பத்தியில் பெருமையாக எழுதினேன். 'முந்நூறுதான், ஒவ்வொன்றும் ஒரே ஒன்றுதான்' என்று. அதை வாசித்து உங்களில் நாலு பேர் வாங்கினீர்கள்.

அதுவரை நான் செய்ததில் பிழை இல்லை. பிழை எட்டில் ஆரம்பித்தது.

உங்களுக்குத் தெரியும். நம்பர்த் தகட்டைக் கூட்டினால் எட்டு வருகிற மோட்டார்சைக்கிளை இங்கே விற்பது எவ்வளவு கஷ்டம்! கடல் கடந்து போன எங்கள் ஆட்கள் குளிருக்குப் பழகினார்கள், எட்டுக்குப் பழகவில்லை. 8, 17, 26, 35... முந்நூறுக்குள் கூட்டினால் எட்டு வருகிற எண்கள் முப்பத்துமூன்று. ஒன்றுகூட விற்கவில்லை.

ஒருவர் டொரன்டோவிலிருந்து ராகுலனுடன் பேசியதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"தம்பி, நூற்றேழு வேண்டாம். எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை. ஆனா மனுசி வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்."

"அண்ணை, மிச்சம் இருக்கிறது எல்லாம் எட்டுத்தான்."

"அப்ப எனக்கும் வேண்டாம். நாற்பத்தொண்டு மாதிரி ஒண்டு வந்தாச் சொல்லும்."

இந்த வியாபாரத்தில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. உருவம் செய்த செலவு, அச்சு, பெட்டி, நிறம் எல்லாவற்றையும் முதலில் விற்கிற இருநூற்று அறுபது சாப்பிட்டுவிடும். செய்தவன் கையில் நிற்பது கடைசி முப்பது நாற்பதுதான். அதாவது ராகுலனின் ஆறு மாத உழைப்பு அந்த எட்டுகளில் இருந்தது.

"விலையைக் குறைச்சு விடட்டே சேர்?" என்று கேட்டான்.

கூடாது என்றேன். ஒன்றைக் குறைத்தால் முழு விலை கொடுத்தவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள் ஆவார்கள். எண்ணை அழித்து 301, 302 என்று போடலாமா? முந்நூறு என்ற வாக்குப் போய்விடும். பிறகு? நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன் – "எட்டுகளைத் தேய்த்துவிட்டு நல்ல எண்களை இரண்டாம் முறை போடு. மொத்தம் முந்நூறுதானே? அது மாறாது. சிட்னியில் இருக்கிற 41ஐ டொரன்டோக்காரர் எங்கே பார்க்கப் போகிறார்?"

நாங்கள் கண்டம் பார்த்துப் பிரித்தோம். அவுஸ்திரேலியாவில் விற்ற எண் கனடாவுக்கு. கனடாவில் விற்றது நோர்வேக்கு. வரைபடம் விரித்துக் களவு செய்தது நான்தான்.

எண் செதுக்குவது வதனியின் வேலை. முதல் பாதத்தைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேர், நம்பர் ஒண்டு, ஆள் ரெண்டோ?"

"மொத்தம் மாறாது பிள்ளை" என்றேன்.

அவள் பாதத்தைத் திருப்பிப் பிடித்தாள். செதுக்கினாள். முப்பத்துமூன்றும் ஒரு வாரத்தில் விற்றுப் போயின.

ஒரு வருடம் நான் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன். அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது. பயம் வந்த பிறகுதான் மனச்சாட்சி வந்தது... வரிசை மாறி.

சென்ற மாதம் பாரிஸில் தபால் வேலை செய்கிற நந்தன் என்பவர், தண்டையல் வைத்திருப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் ஒரு பட்டியல் போட்டார். ஒன்று முதல் முந்நூறு வரை வரிசையாக எண்கள். பக்கத்தில் வெற்றிடம். 'எந்த எண் யாரிடம் இருக்கு எண்டு எழுதுவம். எங்கடை தண்டையல் குடும்பம் ஒண்டாகட்டும்' என்று அன்பொழுக எழுதியிருந்தார். கடிதங்களை வரிசைப்படுத்துகிற மனிதர். வெற்றிடம் அவருக்குப் பொறுக்காது.

முதல் நாள் ஏழு பேர் எழுதினார்கள். மூன்றாம் நாள் நாற்பது பேர்.

நான் காலையில் பல் விளக்க முதல் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். ஃபோன் 'டிங்' என்றால் சாப்பிட்ட கையோடு எடுத்தேன். கோயிலில் தீபாராதனை நேரம் ஃபோன் சட்டைப்பையில் அதிர்ந்தது – கும்பிட்ட கையை இறக்கிவிட்டு வெளிவீதிக்கு ஓடிவந்து பார்த்தேன். வங்கியிலிருந்து விளம்பரம்!

பட்டியலில் எட்டுகளின் இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. ஒருவர் கேட்டார்: 'எட்டு வாங்கினவை ஒருத்தரும் குழுவிலை இல்லையோ?' இன்னொருவர் சிரிப்புப் படம் போட்டார்: 'வாங்கினவை உயிரோடை இல்லைப் போல.'

எழுபத்து நான்கு வயதில் ஒரு பகிடியைப் பார்த்து எனக்கு வியர்த்தது.

பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. 41க்கு நேரே சிட்னியில் இருக்கிற ஒரு பல் வைத்தியரின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே டொரன்டோக்காரர் தன் பெயரை எழுதியிருந்தார். நந்தன் பணிவாகக் கேட்டிருந்தார்: 'ஆரோ ஒராள் பிழையா எழுதிப்போட்டியள். ரெண்டு பேரும் காலடியைத் திருப்பி ஒரு படம் போடுங்கோ.'

நான் பருத்தித்துறை பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டு படங்களும் வந்துவிட்டன.

ராகுலன் வாசலில் நின்றான். உள்ளே அடுத்த தொடருக்கான முத்துக்குளிப்பவனின் மூல உருவம் மேசையில் நின்றது. அதற்கு இருநூற்று நாற்பது பேர் முற்பணம் கட்டியிருந்தார்கள். அதை நம்பி அவன் படகு வேலை எதையும் ஏற்கவில்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது – என் பெயர் கெடும் என்று மட்டுமே நான் இவ்வளவு நாளும் பயந்திருந்தேன். கெடப்போவது அவன் பிழைப்பு.

"கைப்பிழை எண்டு சொல்லிவிடுவம் சேர்" என்றான். "ஒரு நம்பர் மாறிச் செதுக்குப்பட்டுப் போச்சு எண்டு."

வதனி ஃபோனை நீட்டினாள். குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நம்பர் போடுற பெண் நித்திரை தூங்கிக்கொண்டு போட்டிருக்கிறா போல.'

"ஒண்டு கைப்பிழை. நாளைக்கு ரெண்டாவது வரும். பேந்து மூண்டாவது. முப்பத்துமூண்டும் கைப்பிழையோ? என்ரை கை என்ன, கள்ளக் கையோ?"

"கொஞ்சம் மெல்லக் கதையும்" என்றான் ராகுலன். "சேர் வந்திருக்கிறார்."

"சேர் வந்ததாலைதான் கதைக்கிறன்."

ராகுலன் என் பக்கம் திரும்பினான். "சேர், நீங்கள் சொன்னனியள் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதைக் கேட்டு நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை.

அங்கேயே இருந்து குழுவுக்கு எழுதினேன். 'முப்பத்துமூன்று எண்கள் இரண்டு தடவை செதுக்கப்பட்டிருக்கின்றன. அது கைப்பிழை அல்ல. அந்த யோசனை என்னுடையது. செதுக்கியவர் அப்போதே என்னைக் கேள்வி கேட்டார். நான் வாயை அடைத்தேன். எண்கள் இவை. இரண்டாம் எண் வைத்திருப்பவர்கள் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் என் நிலையான வைப்பிலிருந்து தருவேன்.' கீழே என் முழுப்பெயர்.

"பேரைப் போடாதேங்கோ சேர்" என்றான் ராகுலன்.

போட்டேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது.

"நான் அமத்தட்டே சேர்?" என்றாள் வதனி.

"வேண்டாம் பிள்ளை. போன முறையும் உன்னைக்கொண்டுதானே செய்வித்தனான்."

அமத்தினேன்.

அதன் பிறகு நடந்ததை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிப்பிக்கவில்லை.

திட்டு வந்தது. நிறைய வந்தது. எல்லாம் எனக்கு வரவேண்டியதுதான். சிட்னி வைத்தியர் 'உங்களிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறேன்' என்று ஒரே வரி எழுதினார். அதை நான் அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

ஆனால் பொம்மையைத் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர்! மற்றவர்களுக்கு அதற்குள் ஒன்று விளங்கிவிட்டது. உலகத்தில் களவாக எண் மாற்றிய தண்டையல் முப்பத்துமூன்றுதான் இருக்கிறது. முந்நூறை விட முப்பத்துமூன்று அரிது. டொரன்டோக்காரர் தன்னிடம் இருந்த அந்தக் கள்ள 41ஐ மூன்று மடங்கு விலைக்கு விற்றார். தேய்த்த இடத்தில் பழைய எண்ணின் தடம் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் கூடுதல் விலையாம். பெட்டியில் என் கையொப்பம் போட்டுத் தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். எட்டுக்குப் பயந்த அதே சனம்!

நான் செய்த குற்றத்துக்கு விலை ஏறியது. அந்த லாபம் யார் யாருக்கோ போனது.

ராகுலனுக்கு என்ன போனது? முத்துக்குளிப்பவனுக்கு முற்பணம் கட்டிய இருநூற்று நாற்பது பேரில் நூற்று எழுபத்தொன்பது பேர் விலகினார்கள். 'உங்கடை நம்பரை எப்பிடி நம்புறது?' என்று கேட்டால் என்ன பதில்? எல்லோருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினான். என் வைப்பிலிருந்து தருகிறேன் என்றேன். வாங்க மறுத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன். மிஞ்சிய அறுபத்தொரு பேருக்குச் செய்வதென்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் வீடியோ அழைப்பில் எடுத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணைச் செதுக்குவதாம். எட்டும் பதினேழும் ஐம்பத்துமூன்றும் உட்பட, யாருக்கு என்ன வருகிறதோ அதுதான். வெளியே ஒரு பழைய படகு கவிழ்த்துக் கிடந்தது. ராகுலன் அதற்கும் ஒட்டுப்போட ஆரம்பித்திருந்தான்.

அறுபத்தொன்று...

அந்த எண்ணைக் கேட்டதும் என் தலைக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. அறுபத்தொன்றுக்கு மேல் இல்லை என்று அறிவித்தால்? விலையை இரண்டு மடங்காக்கினால்? இந்தப் பழி வந்ததால்தானே ஊரெல்லாம் இவர்களின் பெயர் தெரிகிறது? விலகிப்போன நூற்று எழுபத்தொன்பது பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்களே! கணக்கு மிகச் சரியாக இருந்தது. போன முறையும் சரியாகத்தான் இருந்தது.

பட்டியலைப் பார்த்துப் பயந்தது ஒரு பயமே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

"ராகுலன், நீ ஒண்டு செய்தா என்ன..."

வதனி கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சத்தம் இல்லாமல்தான் வைத்தாள்.

"சேர், எத்தினை செய்யிறது, என்ன விலை போடுறது எண்டு இந்த முறை நாங்களே பாப்பம். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தேன். சீனி அதிகம். அதைக்கூட நான் சொல்லவில்லை.