மாத்திரையில் வந்த சடங்கு

போன ஐப்பசியில் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது என் வலது மணிக்கட்டு ஒடிந்தது. விழவில்லை, வழுக்கவில்லை. முப்பத்து நாலு வயதுக்காரிக்கு அரைக் குடம் தண்ணீரில் கை ஒடியுமா? திண்டுக்கல்லில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எழுபது வயதுக் கிழவியின் எலும்பு என்றார். சின்ன வயதில் ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

வைத்தியம் பார்த்தோம்தான். பிறவியிலேயே எனக்கு ஒரு குரோமோசோம் குறைவு. அதனால் வளரவில்லை. சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குக் குட்டச்சி என்றுதான் பேர். தினமும் சாயங்காலம் அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தொடையில் வளர்ச்சி ஊசி போடுவாள். ஓரளவு உயர்ந்தேன். ஆனால் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்தும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கருப்பை இருக்கிறது, ஹார்மோன்தான் சுரக்காது என்று மதுரை டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐம்பது வயதுவரை நிறுத்தவே கூடாது என்றும் சொன்னார். மாத்திரையின் புண்ணியத்தில் பதினாறு வயதில் தீட்டு வந்தது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, ஊரைக் கூட்டினாள். சின்னாளபட்டியில் தறி நெய்யும் தாய்மாமன் மேளத்தோடு சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் போட்ட மாலையோடு உட்கார்ந்திருந்தபோது, ஊரையே ஏமாற்றுகிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது. பந்தியில் யாராவது எழுந்து, இது மாத்திரையில் வந்ததுதானே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

மறுவாரம் மாத்திரை அட்டை அடுப்புக்குள் போனது. வயசுக்குத்தான் வந்தாச்சே, இனி எதுக்கு, பொண்ணு கேட்டு வாரவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும் என்றாள் அம்மா. எனக்கும் நிம்மதிதான். மாத்திரை போனால் நோயும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். போனது தீட்டுதான். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மாதாமாதம் என்னை மூன்று நாள் பின்கட்டில் தனியே உட்கார வைத்தாள். தனித் தட்டு, தனிப் பாய். எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரிகளுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகவும் பழகிக்கொண்டேன். அடச்சீ, என்ன பிழைப்பு! வந்த வரன்களிடம் உண்மையைச் சொல்ல வாய் வராமல் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தோம். கல்யாணம் நடக்கவில்லை. நடிப்பு மட்டும் நிற்காமல் நடந்தது.

அந்த மாத்திரை எலும்புக்கும் சேர்த்துத்தான் என்று கை ஒடிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டர். போன பலம் முழுசாகத் திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றார்.

கையைப் பார்க்க மாமா வந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அம்மா ஆரம்பித்தாள். நானும் தலையாட்டினேன். ஜன்னலில் இருந்த புது மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்து, இது எதுக்கான மாத்திரை என்று அவர் கேட்டார். அவ்வளவுதான், அம்மா உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஊசி, தீட்டு, அடுப்பு, பின்கட்டு. மாலை போட்ட மனிதரிடம், என்னை வைத்துக்கொண்டே. எனக்குச் சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாமா சீர் செய்ததைச் சொல்லிக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாத்திரையில வந்தா வந்துட்டுப் போகுது தாயி. ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, மாசாமாசம் நானே வாங்கியாந்து கொடுத்திருப்பேனே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா நீட்டிய அட்டையைக் கட்டுப் போட்ட கையால் எனக்குப் பிரிக்க வரவில்லை. மாமாவே ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் இடது உள்ளங்கையில் வைத்தார். நான் வாயில் போட்டுக்கொண்டதும் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் விழுங்கினேன்.