விழுந்த பிறகு ஒரு முழங்கால்

அண்ணிக்கு வேலை, கார்ட்டூன் ஆட்களை நடக்கவைப்பது. அண்ணனுக்கு வேலை, வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டு மாடிப்படி ஏறுவது. அண்ணி வரையும் புதுப் படத்தின் நாயகனுக்கும் அதே வேலைதான். படத்தில் வசனமே கிடையாது.

எப்படி விழுவது என்பதை அண்ணி ஊமைப்படக் கோமாளிகளிடம் கற்றார். விழுந்தவனுக்கு வலிக்கும் என்பதை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்காரர்கள் நிஜத் தெருவில் நிஜக் கூலிக்காரர்களை வைத்து எடுத்த படங்களில் கற்றார்.

"கார்ட்டூன்ல விழுந்தவன் உடனே எழுந்து ஓடிடறான், தம்பி. அவனுக்கெல்லாம் முழங்காலே கிடையாதா?"

அண்ணனை விழுந்து காட்டச் சொன்னார். அண்ணன் தலையைக் கோதிக்கொண்டு, இடம் பார்த்து, மெத்தைமேல் விழுந்தான்.

"ஃபோட்டோவுக்கு விழற மாதிரி விழறீங்க" என்று அண்ணி, படமெடுத்துக்கொண்டிருந்த செல்போனைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுவிவிட்ட படியில் அண்ணன் வாளியோடு நிஜமாகவே விழுந்தான். முதலில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான். பிறகு வாளி உடைந்ததா என்று பார்த்தான். அப்புறம்தான் முழங்காலைத் தடவினான். எதிரே நின்ற அண்ணி கை கொடுக்கவில்லை. "அசையாதீங்க! அப்படியே இருங்க!" என்று பென்சில் எடுக்க உள்ளே ஓடினார்.

அன்றிலிருந்து வீட்டிலும் ஊமைப்படம். "உங்கண்ணிகிட்ட உப்பு எங்கேன்னு கேளுடா" என்பான் அண்ணன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

ஸ்டூடியோ முதலாளிக்கு விழுவது பிடித்தது, தடவுவது பிடிக்கவில்லை. "சிரிக்கிறவனை எதுக்கும்மா நிறுத்தறீங்க? வெட்டிடலாம்." அந்தத் தடவலுக்காகத்தான் படமே என்று அண்ணி கெஞ்சினார். ஊழியர் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டலாம், அந்த இடத்தில் சிரிப்பு அடங்கினால் வெட்டு என்று முடிவாயிற்று.

திரையில் அவன் விழுந்தான். அறை குலுங்கியது. திரும்பிப் பார்த்தான், இன்னும் சிரிப்பு. முழங்காலைத் தடவினான். ஒரு சத்தமும் இல்லை. அண்ணி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும், முதலாளி வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தான்.

"சார், அதுல ஒரு தப்பு இருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"எனக்கு அடிபட்டது இடது முழங்கால். இவ வலதைத் தடவ வெச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அண்ணனின் கை இன்னும் இடது முழங்காலில்தான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடதா மாத்தி வரைஞ்சிடுங்கம்மா" என்றார்.

வெட்டுவதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. பஸ்ஸில் அண்ணன் என்னைத் தாண்டி நேராக அண்ணியிடமே கேட்டான்: "கண்ணை எங்க வெச்சிட்டு வரைஞ்ச?"

"எதிர்ல நின்னுதானே பார்த்தேன்? எனக்கு அது வலது பக்கம். வலதுன்னே குறிச்சுக்கிட்டேன்."

"பக்கத்துல வந்து தூக்கியிருந்தா சரியா தெரிஞ்சிருக்கும்."

அண்ணி சிரித்துக்கொண்டே அவன் இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.