ரசம் சிந்தாத வண்டி

சாப்பாட்டுக் கேரியர் சுமக்கிற தொழிலில், ஒரு மணிக்குக் கொடுத்தால் அது சோறு. ஒன்றேகாலுக்குக் கொடுத்தால் அது பஞ்சாயத்து.

ஓசூரில் வீடு வீடாகப் போய்க் கேரியர் வாங்கி, கேன்டீன் இல்லாத சின்னச் சின்ன லேத் பட்டறைகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஐம்பதைத் தாண்டியும் மிதித்துக்கொண்டிருப்பவர்களே, மாடிப்படி இறங்கும்போது உங்கள் கால் முட்டி போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். மின்சார வண்டி வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று நீங்களும் ஏதாவது கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் என்னை அந்த வாசலுக்கு அனுப்பியது டாக்டர் இல்லை, ரத்னம்மா.

மேட்டில் வந்த காற்று

ரத்னம்மாவும் கேரியர்காரிதான். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எடையிலும் மூத்தவள். பட்டறைகளுக்குப் போகிற வழியில் பாலத்து மேடு ஒன்று இருக்கிறது. பல வருஷம் நாங்கள் இருவரும் அங்கே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பேசிக்கொண்டே ஏறுவோம். உச்சிக்குப் போவதற்குள் எந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றிருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு வாரம் அவளைக் காணோம். யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நான் தனியாகத் தள்ளிக்கொண்டு ஏறும்போது பக்கத்தில் சத்தமே இல்லாமல் ஒரு காற்று. திரும்பினால் ரத்னம்மா, லைசென்ஸ் கேட்காத சின்ன மின்சார ஸ்கூட்டரில். சிவப்பு வண்டி, கறுப்புக் கண்ணாடி. வாங்கப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது, அவளுக்கு முந்தானைகூடக் கலையவில்லை. என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, நல்ல மனசோடுதான் சொன்னாள்:

"சரோஜா, நீ மெதுவா வா. நீ வந்துகினு இருக்கேன்னு நான் போய்ச் சொல்லிடறேன்."

பத்மா வீட்டு சாம்பார்

அன்றிலிருந்து ரத்னம்மாவின் கேரியர்கள் பன்னிரண்டே முக்காலுக்கே பட்டறை வாசலில் வரிசையாக நின்றன. என்னுடையவை ஒரு மணிக்கு முன்னே பின்னே வரும். இத்தனை வருஷமாக அதுதான் சரியான நேரம். இப்போது அதற்குப் பெயர் தாமதம்.

முதலில் போனது பத்மா வீடு. நான் போய்க் கதவைத் தட்டினால், கேரியர் ஏற்கெனவே ரத்னம்மாவோடு போய்விட்டது என்றாள். என் கேரியர்களில் பாதி அந்த ஒரு தெருவில்தான். பக்கத்து வீடுகளில் எல்லாம் கேரியரை வழக்கம்போலக் கொடுத்தார்கள், ஆனால் முகம் பார்த்துக் கொடுக்கவில்லை. இந்த மாசம் முடியட்டும் என்று இருக்கிறார்கள் போல. அதற்குள் நான் ஒரு வழி பண்ணாவிட்டால் தெருவே ரத்னம்மாவிடம் போய்விடும், என் தொழிலும் அதோடு முடிந்துவிடும் என்று புரிந்தது. பத்மா என்னைத் தெருமுனை வரை வழியனுப்பி வந்தாள். அது இன்னும் எரிந்தது.

"கோவிச்சுக்காதக்கா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல, எங்கூட்டுக்காரருக்கு சாம்பார் ஆறிப்போனா எறங்காது."

அதே வண்டி, அதே சிவப்பு

என் மகள் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். போனஸ் வந்ததும், வண்டி வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டாள். நான் நேராக ஒரு கடைக்குப் போய், ரத்னம்மா வைத்திருக்கிற வண்டியேதான் வேண்டும், அதைவிடச் சிவப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். கடைப் பையன் ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும், எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்று ஒப்பித்துக்கொண்டே இருந்தான். நான் கண்ணாடியில் என்னையும் வண்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள் என்றான். கேரியர்காரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைப்பிடியில் கேரியர் தொங்கும்போது ஏறி உட்கார மாட்டோம், பிடியை இறுக்கிப் பிடித்துப் பத்தடி தள்ளி நடந்துவிட்டுத்தான் ஏறுவோம். அதேபோல இறுக்கிப் பிடித்துத் தள்ளினேன். அந்த வண்டியில் பிடியை முறுக்கினால் ஓடும் என்பது கைக்குத் தெரியவில்லை. வண்டி என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்து, வாசலில் இருந்த பூந்தொட்டியைச் சாய்த்து, படியில் முட்டி நின்றது. செருப்பு ஒன்று கடைக்குள்ளேயே இருந்தது. பையன் சிரிக்கவில்லை. செருப்பை எடுத்து வந்து கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"வண்டிய நீங்க தள்ளாதீங்கம்மா. அதுவே போவும், அதுக்குத்தான் வாங்கறீங்க."

வீட்டில் ஒரு கேள்வி

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூந்தொட்டியை மட்டும் சொல்லவில்லை. அவர் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். நாம் இருப்பது மாடி, கீழே ப்ளக் கிடையாது, அந்த ஸ்கூட்டரை எங்கே சார்ஜ் போடுவாய்? வழியில் சார்ஜ் தீர்ந்தால் அவ்வளவு எடையை யார் தள்ளுவது? மிதி உள்ள மின்சார சைக்கிள் இருக்கிறதாமே, பேட்டரியை மட்டும் கழற்றி மாடிக்குத் தூக்கி வரலாமாமே?

மிதி உள்ள வண்டி என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சும்மா உட்கார்ந்து போவாள், நான் மறுபடி மிதிப்பதா? அப்படி வாங்கினால் அவளைவிட ஒரு படி கீழே என்று தெருவுக்கே தெரிந்துவிடாதா? இதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தட்டில் கை கழுவிவிட்டுக் கேட்டார்:

"நீ கால் வலிக்கு வண்டி வாங்கறியா, ரத்னம்மாவுக்கு வாங்கறியா?"

ரசப் பரீட்சை

இரண்டாவது கடைக்காரர் கன்னடக்காரர், தலை நரைத்தவர். முதலில் என்னை உட்காரச் சொல்லி, இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்த்தார். சேலைக்குத் தோதாக நடுவில் கம்பி தாழ்ந்திருக்கிற சைக்கிளாக இரண்டை எடுத்து வைத்தார். மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்தும், தள்ளிக்கொண்டு நடந்தால் சாதுவாக வரும். அதுவரைக்கும் சரி.

நான் பையிலிருந்து கேரியரை எடுத்தேன். மேல் அடுக்கு நிறைய ரசம். எங்கள் தொழிலில் மூடி சரியாக மூடாத கேரியர் தினமும் ஒன்றிரண்டு வந்துவிடும், அதனால் மூடியில்லாமலேயே கைப்பிடியில் மாட்டினேன். முதல் சைக்கிள், மிதியில் கால் வைத்ததும் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோலக் குதித்தது. ரசம் என் மடியிலும் சீட்டிலும். இரண்டாவது கொஞ்சம் யோசித்து, மெல்லத்தான் கூட வந்தது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஏற்றத்தில் ஏறி, திரும்பி இறங்கி வந்து பார்த்தேன். ரசம் விளிம்பில் ஆடியதே தவிர, இறங்கவில்லை. இதுதான் என்றேன். அவர் துணியால் முதல் சைக்கிளைத் துடைத்து, மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதையும் சேத்து எடுத்துக்கோங்கக்கா. இந்த வாசனைக்கு இனி வேற யாரும் வாங்க மாட்டாங்க."

பாலத்தடியில் காத்திருந்தது

முதல் நாள் பன்னிரண்டரைக்கே பாலத்தடிக்கு வந்துவிட்டேன். அப்படியே ஏறியிருந்தால் ஒரு மணிக்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நான் ஏறுவதை ரத்னம்மா பார்க்காமல் ஏறி என்ன பிரயோஜனம்? அவள் பின்னால் வரட்டும், பக்கத்தில் வரும்போது ஒரு மிதி மிதித்து முந்தலாம் என்று நிழலில் நின்றேன். சிவப்பாக எது வந்தாலும் கால் தானாக மிதிக்குப் போனது. கேஸ் வண்டி வந்தது, தபால் வண்டி வந்தது. ரத்னம்மா வரவில்லை.

பட்டறைப் பக்கம் ஒரு மணிச் சங்கு ஊதிய பிறகுதான் உறைத்தது. பறந்து போனேன். சானமாவு காட்டுப் பக்கத்து ஆட்களாவது ரோட்டில் யானை நின்றது என்று சொல்லித் தப்பிக்கலாம், பாலத்தடியில் நின்றவள் என்ன சொல்வது? நான் பாலத்தடிக்கு வருவதற்கு முன்பே ரத்னம்மா மேடு ஏறிப் போய், கேரியர்களைக் கொடுத்து முடித்து, வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர்கள் என் சைக்கிளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கேரியரைத் திறந்து கைவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வண்டி புதுசுக்கா, சோறு பழசா போச்சே."

ரத்னம்மா சொன்னது

மறுநாளிலிருந்து யாருக்காகவும் நிற்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கேரியர் போய்விடும். மாசம் முடிந்தது. பத்மா வீடு திரும்பி வரவில்லை, மற்ற வீடுகள் அப்படியே நின்றன. தொழில் தப்பித்தது. முன்பு மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறும்போதே கண்ணில் பூச்சி பறக்கும், இப்போது மிதித்தே ஏறியும் பாட்டு முணுமுணுக்க மூச்சு மிச்சம் இருக்கிறது.

ஆனால் எனக்கு வேண்டியது அது மட்டும் இல்லையே. ரத்னம்மா என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்த அன்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேட்டரியைக் கழற்றிக் காட்டினேன். மிதி இருப்பதால் உடம்புக்கும் நல்லது என்று டாக்டர் சொன்னதாக, எந்த டாக்டரும் சொல்லாததைச் சொன்னேன். கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டாமா? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"நல்லதாப் போச்சு சரோஜா. தனியா மேடு ஏறி ஏறி எனக்குப் பேச ஆளே இல்ல, நாளைலேர்ந்து சேந்தே போலாம்."

இப்போது தினமும் சேர்ந்துதான் போகிறோம். முட்டிக்கு மோட்டார் கிடைத்துவிட்டது, வயிற்றெரிச்சலைத்தான் இன்னும் நானே மிதித்துக்கொண்டிருக்கிறேன்.