மூடிக்குக் கீழே சேவியர்

சேவியர் மறைந்த செய்தி சிதம்பரத்திலிருந்து வந்தபோது நான் கடலூர் துறைமுகத்தில் படகுக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அவர் என் மனைவியின் தம்பி. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துறைமுக வாசலிலேயே நின்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விசைப்படகில் மீனும் ஐஸும் போடும் அறைக்கு மேல் ஒரு மூடி இருக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்தால் அலைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அறை நிரம்பினால் படகு கவிழும். சுனாமியில் அடிபட்ட படகுகள் பலவற்றில் மூடி சரியாக உட்காராது. அவற்றைத்தான் சேவியர் சரிசெய்தார். பழைய ரப்பரைச் சுரண்டிப் புதியதை ஒட்டியதும், சலவைச் சட்டையோடு உள்ளே இறங்கி மூடச் சொல்வார். மேலே நாங்கள் தண்ணீர் அடிக்க வேண்டும்.

"ஒழுவுனா தட்டுவேன். தட்டலைன்னா நல்லாருக்கேன்னு அர்த்தம்" என்பார்.

சட்டையில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் ஒட்டியதைப் பிய்த்துவிடுவார். அந்தப் பிடிவாதத்தால் என் படகு எத்தனையோ நாள் கரையில் கிடந்திருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "திட்டுங்க மாமா, கரையில நின்னுதான திட்டுறீங்க" என்று சிரிப்பார்.

சுனாமிக்கு அடுத்த ஐப்பசியில் என் படகு மூடிக்கு ரப்பர் போட்டார். கரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் மழைநாளில் ஒட்டியது என்று மனது ஆறாமல் தானும் கடலுக்கு வந்தார். அவர் பயந்தது நடந்தது. பரங்கிப்பேட்டைக்கு நேரே காற்று திரும்பி, அலை படகின் மேல் ஏறி விழுந்தது. மூடியின் ஒரு பக்க ரப்பர் பிய்ந்துபோனது. பம்பு இறைத்ததைவிட உள்ளே இறங்கிய தண்ணீர் அதிகம். படகு சாயத் தொடங்கியது.

"மேல நின்னு ஒட்ட முடியாது மாமா, அலை தூக்கிட்டுப் போயிடும். நான் உள்ள போயி சாக்கத் திணிச்சி இழுத்துப் புடிக்கிறேன். நீங்க மேல கயிறு போட்டு இறுக்கிடுங்க."

"பைத்தியமா மச்சான் ஒனக்கு? ஒங்க அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் ஒட்டுனது, நான்தான் பாக்கணும். தட்டுனா தொறங்க."

இறங்கிவிட்டார். இறுக்கிக் கட்டினோம். கொஞ்ச நேரத்தில் படகு மெல்ல நிமிர்ந்தது. ஆனால் கீழே சத்தமே இல்லை. உள்ளே ஐஸும் முழங்கால் தண்ணீரும். நன்றாக இருக்கிறாரா, தட்டக்கூடத் தெம்பில்லாமல் விறைத்துக் கிடக்கிறாரா? திறந்து பார்த்தால் அலை புகுந்து அவரோடு நாங்களும் போய்விடுவோம். கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. காது மட்டும் மூடியிலேயே இருந்தது. கடலூர் முகத்துவாரம் வரும்வரை அவர் தட்டவில்லை.

ஆற்றுக்குள் நுழைந்ததும் கயிற்றை அறுத்துத் திறந்தோம். உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க, ஐஸ் மேல் குந்தியிருந்தார்.

"நான் தட்டவே இல்லியே, அதுக்குள்ள ஏன் தொறந்தீங்க?"

ஓங்கி அறையலாம் போல் இருந்தது. கட்டிப்பிடித்து அழுதேன்.

சிதம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அவரைக் குழிக்குள் இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அன்றும் அவருக்குச் சலவைச் சட்டைதான் போட்டிருந்தார்கள். பெட்டியின் மூடிமேல் மழை விழுந்தது. அன்று படகில் இருந்தவர்களும் நானும், மண் அள்ளிய கையோடு அப்படியே நின்றுவிட்டோம்.

"போடுங்கப்பா, மழ ஜாஸ்தியாவுது" என்றார் யாரோ.

இன்னும் கொஞ்சம் காது கொடுத்தோம். சத்தமில்லை.

நல்லா இரு மச்சான்.